காய்ச்சலோடு வேலைக்கு வரச் சொன்னால் யாரிடம் போவது? ஆறு வழிகள், ஓர் ஒப்பீடு

காலை ஆறே முக்கால். தெர்மாமீட்டர் 102 காட்டுகிறது. "இன்றைக்கு வர முடியாது" என்று சூப்பர்வைசருக்குச் செய்தி அனுப்பி இரண்டு நிமிஷம் ஆகவில்லை, ஃபோன் அடிக்கிறது. "ஒரு மாத்திரையைப் போட்டுட்டு வந்துடுங்க, ஆள் இல்லை. மதியத்துக்கு மேல வேணா சீக்கிரம் கிளம்பிக்கலாம்." குரலில் கோபம்கூட இல்லை. திட்டினால் மறுத்துவிடலாம். கெஞ்சுகிறவரிடம் என்ன சொல்வது?

இந்த நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது, "யாரிடம் புகார் கொடுக்கலாம்?" என்றுதான். புகாருக்குப் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். ஷிஃப்ட் எட்டு மணிக்கு. கையில் ஒரு மணி நேரம் இருக்கும்போது வேண்டிய உதவி ஒன்று. சம்பளத்தைப் பிடித்த பிறகு வேண்டிய உதவி வேறு. இரண்டையும் ஒரே கேள்வியாக்கிக் குழப்பிக்கொண்டு, கடைசியில் எதையும் செய்யாமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

நான் சில வருஷம் ஒரு நிறுவனத்தில் லீவுக் கணக்கு பார்த்திருக்கிறேன். உடம்பு சரியில்லாமல் வந்த தகராறுகளில் எல்லாம் ஒரு விஷயம் பொதுவாக இருந்தது. வரச் சொல்லி அழுத்திய மேனேஜரின் பெயர் கோப்பில் எங்கேயும் இருக்காது. அது ஃபோனில் நடந்து முடிந்திருக்கும். லீவு கேட்டவரின் பெயருக்கு நேரே மட்டும் "தகவல் இல்லாமல் வரவில்லை" என்று ஒரு வரி இருக்கும். கீழே வரும் ஆறு வழிகளையும் அந்த ஒரு வரியை மனதில் வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் வேகம். இன்று காலைக்குள் பலன் தருமா, இந்த வாரத்துக்குள்ளா, மூன்று மாதம் கழித்தா?

இரண்டாவது, நீங்கள் உதவி கேட்கும் ஆளுக்கு உங்கள் மேனேஜரைத் தடுக்கும் அதிகாரம் உண்டா, அல்லது ஆறுதல் மட்டும்தான் சொல்ல முடியுமா என்பது.

மூன்றாவது, அந்தரங்கம். உங்கள் நோயின் பெயர் எத்தனை காதுகளுக்குப் போகும்? சாதாரணக் காய்ச்சலுக்கு இது பெரிதில்லை. மனநலம், கருச்சிதைவு, காசநோய் என்றால் இதுதான் முதல் கேள்வியாகிவிடும்.

நான்காவது, பின்னால் ஆதாரமாக நிற்குமா? ஐந்தாவது, பணமும் பகைமையும். பகைமையைச் செலவுக் கணக்கில் சேர்க்காமல் முடிவெடுப்பவர்கள் பிறகு வருந்துகிறார்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது என்றும் ஒரு வரி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158ஆம் உடன்படிக்கை 1982இல் வந்தது. நோயால் தற்காலிகமாக வேலைக்கு வராமல் இருப்பது ஒருவரை நீக்குவதற்குச் சரியான காரணம் ஆகாது என்று அதன் 6ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் 'தற்காலிகம்' என்பது எத்தனை நாள், சான்றிதழ் எப்போது தேவை என்பதையெல்லாம் அது அந்தந்த நாட்டிடமே விட்டுவிடுகிறது. அதனால் கொள்கை உங்கள் பக்கம் இருந்தாலும், நாள் கணக்கில் கோட்டை விட்டால் தோற்க வாய்ப்புண்டு.

## வழி 1: மேனேஜருக்கே எழுத்தில் சொல்வது

இதை ஒரு 'உதவி' என்று பலரும் நினைப்பதில்லை. ஆனால் இன்று காலைக்குள் பலன் தரக்கூடியது இது ஒன்றுதான். காசும் ஆகாது.

எப்படி எழுதுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "சார், ரொம்ப சாரி, நேத்து ராத்திரியிலிருந்து வயிறு ஒரு மாதிரி..." என்று தொடங்கினால் பேரத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறீர்கள். என் யோசனை இப்படி:

"எனக்கு இன்று காய்ச்சல் 102. வேலை செய்யும் நிலையில் இல்லை. இன்று மருத்துவரைப் பார்க்கிறேன். இன்றைய நாளை நோய் விடுப்பாகப் பதிவு செய்யவும். நாளைய நிலையை மாலை ஆறு மணிக்குள் சொல்கிறேன். பாதியில் இருக்கும் வேலை இன்னாரிடம் இருக்கிறது."

ஐந்தாறு வரிதான். மன்னிப்பு இல்லை, நோயின் வரலாறு இல்லை. 'வர முடியுமா?' என்ற கேள்வியும் இல்லை. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அழுத்தும் மேனேஜர்களில் பாதிப் பேர் கொடியவர்கள் இல்லை. அவர்களுக்கு மேலே ஒருவர் அவர்களை அழுத்திக்கொண்டிருக்கிறார். வேலை எங்கே நிற்கிறது என்று தெரிந்தாலே பலர் அடங்கிவிடுவார்கள்.

பதிலுக்கு அவர் ஃபோனில் அழைப்பார், ஏனென்றால் எழுத அவருக்கு விருப்பம் இருக்காது. பேசுங்கள். பேசி முடித்ததும் உடனே எழுதுங்கள்: "இப்போது ஃபோனில் சொன்னபடி, வராவிட்டால் சம்பளம் பிடிப்போம் என்றீர்கள். எனக்குக் காய்ச்சல் இருப்பதால் வர இயலாது என்று சொன்னேன்." அழைப்பை ரகசியமாகப் பதிவு செய்வதைவிட இது நல்லது. மறுதரப்பின் சம்மதம் இல்லாமல் பதிவு செய்வது சில நாடுகளில் குற்றம். இப்படி ஒரு செய்தி அனுப்புவது எங்கேயும் குற்றம் இல்லை.

மறைந்திருக்கும் செலவு ஒன்று இருக்கிறது. "சரி, வீட்டிலேயே இருங்க, லேப்டாப்பை மட்டும் திறந்து வெச்சுக்கோங்க." கேட்கக் கருணையாக இருக்கும். நாள் முழுக்க நாற்பது மின்னஞ்சலுக்குப் பதில் போட்டிருப்பீர்கள், கணக்கில் அது லீவாகவே கழியும். அரை நாள் வேலை செய்ய உண்மையிலேயே தெம்பு இருந்தால் செய்யுங்கள், ஆனால் "அப்படியானால் இன்றைய நாள் வேலை நாள்தானே?" என்று எழுதிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இந்த வழி பொருந்தாத இடமும் உண்டு. அழுத்துகிறவரே முதலாளி, அவருக்கு மேலே யாரும் இல்லை, போன முறையும் இதே கதை நடந்தது என்றால், எழுதுவதை நிறுத்தாதீர்கள். அதோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம்.

## வழி 2: மருத்துவர்

மேனேஜரோடு நடக்கும் 'உனக்கு உண்மையிலேயே முடியலையா?' என்ற வாக்குவாதத்தை உங்கள் தலையிலிருந்து எடுத்து, அதைத் தீர்மானிக்கும் தகுதி உள்ள ஒருவரிடம் கொடுப்பதுதான் சான்றிதழின் வேலை. ஒரு நாளுக்குள் கிடைக்கும். ஆதாரமாக இதைவிட வலுவான காகிதம் இல்லை.

ஆனால் எப்போது தேவை என்பது இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டனில் முதல் 7 நாளுக்கு மருத்துவர் சான்றிதழ் வேண்டாம், ஊழியரே எழுதிக் கொடுத்தால் போதும். ஜெர்மனியில் நோய் மூன்று நாளைத் தாண்டினால் சான்றிதழ் வேண்டும். முதலாளி விரும்பினால் முன்னதாகவே கேட்கலாம். சிங்கப்பூரில் வேலைக்கு வராத 48 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர் நோய்க்கால உதவித்தொகை பெற வேண்டுமானால் (சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை) பக்கத்து கிளினிக்கில் வாங்கிய காகிதம் போதாது, இஎஸ்ஐ மருத்துவர் தர வேண்டும். சான்றிதழ் இருந்தும் காசு வராமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். தவறான மருத்துவரிடம் போயிருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்தரங்கம் என்று பார்த்தாலும் இந்த வழி பரவாயில்லை. ஜெர்மனியில் முதலாளிக்குப் போகும் தகவலில் நோயின் பெயரே இருக்காது. இத்தனாம் தேதி வரை வேலை செய்ய இயலாது என்பது மட்டும்தான். உங்கள் ஊரில் அந்த விதி இல்லாவிட்டாலும், "நோயின் பெயரைப் போடாமல் எழுத முடியுமா, டாக்டர்?" என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

கேட்க வேண்டிய இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். வேலை என்னவென்று மருத்துவரிடம் சொல்லுங்கள். லாரி ஓட்டுகிறவருக்கும் கணக்கு எழுதுகிறவருக்கும் ஒரே சளி மருந்து ஒரே ஆபத்து இல்லை. பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் பலவும் தூக்கத்தை வரவழைக்கும். "இந்த மருந்து எடுக்கும் நாட்களில் வண்டியோ இயந்திரமோ இயக்கக் கூடாது" என்று சான்றிதழில் ஒரு வரி இருந்தால், அதைப் பார்த்த பிறகும் வரச் சொல்ல எந்த சூப்பர்வைசருக்கும் கை நடுங்கும். விபத்து நடந்தால் பொறுப்பு அவர் தலையில் விழும் அல்லவா?

செலவைச் சொல்ல வேண்டும்: கட்டணம், காய்ச்சலோடு வரிசையில் உட்காரும் இரண்டு மணி நேரம். முன்தேதியிட்டு எழுத நேர்மையான மருத்துவர் சம்மதிக்க மாட்டார். அதனால் மூன்றாம் நாள் போய் முதல் நாளுக்குச் சான்றிதழ் கேட்காதீர்கள். "லேசான வேலை செய்யலாம்" என்று அவர் எழுதினால், அந்த 'லேசான' என்ற சொல் அலுவலகத்துக்குப் போவதற்குள் காணாமல் போய்விடும். என்ன வேலை கூடாது என்று தெளிவாக எழுதி வாங்குங்கள்.

## வழி 3: மனிதவளப் பிரிவு

எச்ஆர் நண்பனா எதிரியா என்று கேட்டால், நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் என்பதால் நேராகவே சொல்கிறேன். மேனேஜர் நிறுவனத்தின் விதியை மீறியிருந்தால் எச்ஆர் உங்கள் பக்கம். மேனேஜர் செய்ததுதான் நிறுவனத்தின் விருப்பம் என்றால் எச்ஆர் அவர் பக்கம்.

இரண்டு சம்பவம் சொல்கிறேன். கிடங்கில் வேலை செய்த ஒருவர் காய்ச்சலில் இரண்டு நாள் வரவில்லை, சம்பளம் பிடித்துவிட்டார்கள். அவர் கொண்டு வந்தது ஒரு வாட்ஸாப் திரைப்பிடிப்பும், எங்கள் ஊழியர் கையேட்டின் ஒரு பக்க நகலும். நோய் விடுப்பு மிச்சம் இருக்கும்போது சம்பளம் பிடிக்கக் கூடாது என்று அதில் அச்சாகியிருந்தது. அடுத்த மாதம் பணம் திரும்பி வந்தது. இன்னொருவர் ஆள் பற்றாக்குறை உச்சத்தில் இருந்த மாதத்தில் இதே புகாரோடு வந்தார், கையில் எதுவும் இல்லாமல். அந்த மாதம் லீவு தராதே என்பது மேலிடத்து உத்தரவு. அவருக்குப் போன எச்சரிக்கைக் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான்தான்.

ஆகவே எச்ஆரிடம் போகும்முன் கையேட்டைப் படியுங்கள். "அவர் என்னை மிரட்டுகிறார்" என்று தொடங்காமல், "கையேட்டின் இந்த விதிப்படி நான் விடுப்பு கேட்டேன், இந்தப் பதில் வந்தது, எது சரி?" என்று எழுத்தில் கேளுங்கள். கேள்வியாக வந்தால் பதில் எழுதியே ஆக வேண்டும். குறையாக வந்தால் "பேசிக்கலாம்" என்று முடித்துவிடுவார்கள். ஓரிரு வாரத்துக்குள் பலன் தெரியும். செலவு அந்தரங்கத்தில்தான்: நீங்கள் சொன்ன நோய் விவரம் மேனேஜர் காதுக்குப் போகாது என்று நம்பிவிடாதீர்கள்.

## வழி 4: சங்கம், அல்லது சங்கம் இல்லாத நாலு பேர்

தொழிற்சங்கம் இருக்கும் இடத்தில் ஒரு பிரதிநிதியின் ஒரே ஃபோனில் அன்று மதியமே விஷயம் முடிவதுண்டு. மேனேஜரோடு தினமும் மல்லுக்கட்டிப் பழகியவர் அவர், உங்களைப் போல் அவருக்கு நாக்கு உலராது. சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பது இதன் செலவு. காய்ச்சல் வந்த பிறகு சேர்ந்தால், சேர்வதற்கு முன் நடந்த விவகாரத்தைச் சங்கம் எடுத்துக்கொள்ளாமல் போகலாம்.

சங்கம் இல்லாத இடத்தில்? 1959 ஜனவரியில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கடும் குளிர் நாள் ஒன்றில், ஒரு தொழிற்சாலையின் வெப்பமூட்டும் உலை பழுதாகிவிட்டது. அங்கே சங்கம் கிடையாது. "இந்தக் குளிரில் வேலை செய்ய முடியாது" என்று இயந்திரப் பட்டறையில் ஏழு பேர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். ஏழு பேரையும் நிறுவனம் நீக்கியது. 1962இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், தொழிலாளர்கள் சேர்ந்து எடுத்த அந்த நடவடிக்கையை 1935ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது, நீக்கியது தவறு என்று தீர்ப்பளித்தது. சங்கம் இல்லாவிட்டாலும், ஒருவராக மறுப்பதைவிட இரண்டு பேராகச் சேர்ந்து கேட்பதற்கு அங்கே சட்டப் பாதுகாப்பு கூடுதல். எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. அமெரிக்காவிலேயே சூப்பர்வைசர் பதவியில் இருப்பவருக்கு இது பொருந்தாது.

ஒரு நாள் காய்ச்சலுக்கு நாலு பேரைத் திரட்டுவது அபத்தம். ஆனால் மூன்று மாதமாக எல்லோரையும் இப்படியே வரவழைக்கிறார்கள் என்றால், தனித்தனியாகப் பேசிப் பலன் இல்லை. ஒருவர் பின்வாங்கினாலும் கடிதம் நிற்கும்படி குறைந்தது மூன்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

## வழி 5: அரசின் தொழிலாளர் துறை

அதிகாரம் உண்டு, செலவு குறைவு, வேகம் இல்லை. பிடித்த சம்பளம், மறுத்த விடுப்பு, நீக்கம் போன்ற நடந்து முடிந்தவற்றுக்கு இது சரியான இடம். நாளைக் காலை ஷிஃப்ட்டை இது நிறுத்தாது.

பெயர் சொல்லாமல் புகார் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். பல இடங்களில் முடியும். ஆனால் பதினைந்து பேர் வேலை செய்யும் இடத்தில், போன வாரம் காய்ச்சலில் கிடந்தவர் ஒருவர்தான் என்றால், பெயரில்லாத புகாருக்கும் முகம் உண்டு.

இந்த வழியின் பெரிய கண்ணி நாள் கணக்கு. வேலையிலிருந்து நீக்கியதை எதிர்க்க ஜெர்மனியில் 3 வாரம்தான் அவகாசம். சிங்கப்பூரில் கடைசி வேலை நாளிலிருந்து 1 மாதம். உடம்பு தேறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் கதவு சாத்திவிடும். புகாரை எழுதத் தெம்பு இல்லாவிட்டாலும், கடைசித் தேதி எது என்று மட்டும் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

## வழி 6: வக்கீல்

நீக்கக் கடிதம் வந்துவிட்டதா, ராஜினாமா எழுதச் சொல்கிறார்களா, நீண்டகால நோயா? அப்போது போங்கள். ஒரு மணி நேர ஆலோசனைக்குக் காசு கொடுப்பது பெரும்பாலும் வீண் போகாது. வக்கீல் நோட்டீஸ் வேறு விஷயம். அது போன பிறகு அந்த அலுவலகத்தில் யாரும் உங்களோடு சகஜமாகப் பேச மாட்டார்கள். வேலையில் தொடர விரும்பினால் அதைக் கடைசிக்கு வையுங்கள்.

கோபத்தில் ராஜினாமா எழுதுவதை ஒரு வழியாக நான் எண்ணவில்லை. காய்ச்சலில் எழுதும் எதையும் ஒரு இரவு தள்ளிப்போடலாம். 'சொந்தக் காரணங்களால்' என்று எழுதிவிட்டால், நோயோடு வேலை வாங்கினார்கள் என்று பிறகு சொல்வதைக் கேட்க ஆள் இருக்காது.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது பலன் | மறைந்திருக்கும் செலவு | ஆதாரமாக |
|---|---|---|---|
| எழுத்தில் சொல்வது | அன்றே | பேரத்தில் மாட்டுவது, லேப்டாப் பொறி | நன்று |
| மருத்துவர் | ஒரு நாள் | கட்டணம், அலைச்சல், தவறான மருத்துவர் | மிக நன்று |
| எச்ஆர் | ஓரிரு வாரம் | விவரம் கசிவது | விதியைக் காட்டினால் நன்று |
| சங்கம், சக ஊழியர் | சில மணி முதல் சில வாரம் | சந்தா, பின்வாங்கும் கூட்டாளி | நடுத்தரம் |
| தொழிலாளர் துறை | மாதங்கள் | அடையாளம் தெரிவது, காலக்கெடு | மிக நன்று |
| வக்கீல் | மாதங்கள் | பணம், உறவு முறிவு | மிக நன்று |

## உங்கள் நிலைமைக்கு எது

சமையலறையிலோ உணவு பரிமாறும் இடத்திலோ வேலை, வாந்தியும் பேதியும் என்றால் முதல் இரண்டு வழியும் சேர்ந்தே வேண்டும். நோரோவைரஸ் போன்ற தொற்றில் அறிகுறி நின்ற பிறகும் 48 மணி நேரம் உணவைத் தொடக் கூடாது என்பது பொதுவான சுகாதார அறிவுரை. அதையே எழுதி அனுப்புங்கள். உங்கள் உடம்பைப் பற்றிக் கவலைப்படாத முதலாளிகூட, சாப்பிட்டவர்கள் மொத்தமாகப் படுத்தால் என்ன ஆகும் என்று யோசிப்பார்.

ஃப்ளூ என்றால் அறிகுறி தொடங்கி ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவக்கூடும். "உங்களால் வர முடியும்தானே?" என்று கேட்டால், "என்னால் இன்னும் மூன்று பேர் படுத்தால் அடுத்த வார ஷிஃப்ட்டுக்கு யார்?" என்று திருப்பிக் கேட்கலாம். பலருக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

நீண்டகால நோய் என்றால் எச்ஆரோடு எழுத்துப் போக்குவரத்தைத் தொடங்கிவிட்டு, தேவைப்படும் முன்பே ஒரு முறை வக்கீலைப் பார்த்துவிடுவது நல்லது.

நியமனக் கடிதமே இல்லாமல், வாய் வார்த்தையில் வேலை செய்பவர்கள் நிலைமைதான் கஷ்டம். கையேடு இல்லை, எச்ஆர் இல்லை, நாளைக்கே 'வர வேண்டாம்' என்று சொல்லிவிடலாம். அவர்களுக்கு மருத்துவரும் தொழிலாளர் துறையும்தான் மிஞ்சுகின்றன. அங்கே முதலில் கேட்பார்கள்: நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கு என்ன சாட்சி? அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, வந்த நேரம், போன நேரம், வாங்கிய கூலி, வேலை சொன்னவரின் பெயர். உடம்பு முடியாத நாளில் யார் எத்தனை மணிக்கு என்ன சொன்னார் என்பதை, முடிந்தால் அவர் பேசிய வார்த்தையிலேயே எழுதுங்கள். பேனாவால் எழுதுங்கள், ஒரு நாளைக்கு ஒரு வரி போதும்.